இரும்பிலும் எழுத்துண்டு

கல்லிலும் செம்பிலும் ஓலையிலும் எழுத்தைத் தேடிப் படிப்பதே தமிழாசிரியர் பணி என்று பலரும் எண்ணுவர். கல்வெட்டு வகுப்பில் யாமும் மாணவர்க்கு அவ்வாறே கூறி வருகின்றோம். ஆயினும், யாம் முதன்முதலில் கூர்ந்து படித்த பொறிப்பு கல்லில் அமைந்ததன்று. ஒரு பழைய துப்பாக்கியின் இரும்பில் அமைந்தது. அதனைப் படித்த வரலாற்றையும், படிப்பதற்கு முன் அதற்கு யாம் இழைத்த பிழையையும் இம்மலரின் வாயிலாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

1998ஆம் ஆண்டு, இளங்கலை வகுப்பில் பயின்றபோது தேசிய மாணவர் படையில் சேர்ந்திருந்தோம். அணிவகுப்புப் பயிற்சிக்கென எமக்குத் தரப்பட்டது, இராணுவம் கழித்துவிட்ட '303' துப்பாக்கி. ஏறத்தாழ நான்கு கிலோ எடை. மறுநாள் அதிகாரிகள் பார்வையிட வருவதால், அதனைத் துலக்கி வைக்குமாறு பணித்தனர். இளமைக்கே உரிய வேகத்தில் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கலானோம். பயிற்றுநரான ஹவில்தார் விரைந்து வந்து எம் கையைப் பற்றினார். "தம்பி, அது துரு இல்லை, எழுத்து!" என்றார்.

அடிக்கட்டையும் இரும்பும் இணையும் இடத்தில், வலப்புறத்தில், அவ்வெழுத்துகள் இருந்தன. மேலே ஒரு மணிமுடி; அதன்கீழ் 'ஜி.ஆர்.ஐ.' என்னும் மூன்றெழுத்து, அடுத்து 'இச்சாப்பூர்' என்னும் ஊர்ப்பெயர், அதன்கீழ் ஆண்டு. ஆண்டில் 194 என்னும் மூன்று இலக்கங்களே எஞ்சியிருந்தன. நான்காம் இலக்கத்தை எம் உப்புத்தாள் தின்றுவிட்டது.

அன்று விளங்காத அவ்வெழுத்துகளின் பொருளைப் பின்னாளில் நூலகங்களில் தேடித் தெளிந்தோம். அத்துப்பாக்கி வகையின் பெயர் லீ-என்ஃபீல்டு. லீ என்பவர் ஸ்காட்லாந்தில் பிறந்து, கனடாவிலும் அமெரிக்காவிலும் வாழ்ந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ. என்ஃபீல்டு, இலண்டனுக்கு வடக்கே அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்த ஊர். 303 என்பது குழலின் உள்விட்டம். ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறாக்கின் அவற்றுள் 303 கூறு.

என்ஃபீல்டு என்னும் பெயர் நம் நாட்டு வரலாற்றுக்குப் புதியதன்று. 1857இல் கொழுப்புத் தடவிய தோட்டாவைப் பல்லால் கடிக்க இந்து, முஸ்லிம் சிப்பாய்கள் ஒருசேர மறுத்தது, இப்பெயர் தாங்கிய முந்தைய துப்பாக்கியின் பொருட்டே. அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் 29ஆம் நாள் மங்கள் பாண்டே கிளர்ந்தெழுந்த பாரக்பூர், வங்காளத்தின் ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ளது. அதே கரையில் அதற்கு அருகிலேயே அமைந்த ஊர்தான் இச்சாப்பூர். வெடிமருந்து ஆலை இருந்த அவ்வூரில் 1904ஆம் ஆண்டு துப்பாக்கித் தொழிற்சாலை தோன்றியது.

'ஜி.ஆர்.ஐ.' என்பது 'ஜார்ஜ், அரசர், பேரரசர்' எனப் பொருள்படும் இலத்தீன் தொடரின் சுருக்கம். இங்கிலாந்தில் செய்த துப்பாக்கிகளில் 'ஜி.ஆர்.' என்னும் இரண்டெழுத்தே உண்டு. மூன்றாவதான 'ஐ' இந்தியாவுக்கென்றே வெட்டப்பட்டது. அங்கே அரசராக இருந்தவர் இங்கே பேரரசராக இருந்தார் என்பதை ஓரெழுத்து உணர்த்திவிடுகிறது. விடுதலைக்குப் பின் அதே இச்சாப்பூரில் செய்த துப்பாக்கிகளில் மணிமுடி மறைந்து, அசோகரின் சிங்கங்கள் இடம்பெற்றன. ஆட்சி மாற்றத்தை அறிய இதனினும் தெளிவான மெய்க்கீர்த்தி வேறு வேண்டுமோ?

எம் துப்பாக்கியில் பிற்காலத்தில் வெட்டப்பட்ட 'டி.பி.' என்னும் இரண்டெழுத்தும் இருந்தன. அணிப்பயிற்சிக்கு மட்டுமே உரியது, சுடுவதற்கு உதவாதது என்பது அதன் பொருள். போரிலிருந்து ஓய்வு பெற்றமைக்கான சான்றிதழ் அது எனலாம்.

இவையனைத்தினும் எம் நெஞ்சைத் தொட்டது வேறொன்று. எம் தாயின் தந்தையாராகிய நன்னா, இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் பணிபுரிந்தவர். போர் முடிந்த 1945இல் ஏறத்தாழ 25 இலட்சம் பேர் இருந்த இந்தியப் படையில் அவரும் ஒருவர். பேரப்பிள்ளைகளின் பெயரையே மாற்றி மாற்றி அழைக்கும் முதுமையிலும் தம் துப்பாக்கியின் எண்ணை மட்டும் பிழையின்றி ஒப்புவிப்பார். விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது யாம் கண்டதை அவரிடம் விவரித்தோம். உடலில் ஓர் எண்ணும் போல்ட்டில் வேறோர் எண்ணும் இருந்ததைக் கூறினோம்.

சாய்வு நாற்காலியில் கிடந்தவர் எழுந்து அமர்ந்தார். "ரெண்டும் ஒரே நம்பராத்தான் இருக்கணும் தம்பி. அந்த போல்ட்ட அந்தத் துப்பாக்கிக்குன்னே பார்த்துப் பொருத்துவாங்க. மாத்திப் போட்டா சுடுறவனுக்கே ஆபத்து. இது ரெண்டு பேரு கையில இருந்த ரெண்டு துப்பாக்கி. மிச்சம் இருந்தத ஒண்ணாச் சேர்த்திருக்காங்க" என்றார். சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், "எந்த வருஷம்னு போட்டிருந்துச்சு?" என்று வினவினார்.

எம்மால் விடை கூற இயலவில்லை. "நாற்பதுகளில் ஏதோ ஓர் ஆண்டு, நன்னா" என்றோம். அந்த இலக்கத்தை அழித்தது எம் கையே என்பதைச் சொல்லத் துணிவு வரவில்லை. அவர் தலையசைத்துவிட்டு மீண்டும் சாய்ந்துகொண்டார். இரண்டாண்டுகளில் அவரும் மறைந்தார். அவர் ஒப்புவித்த அந்த எண்ணை யாம் எழுதி வைத்துக்கொள்ளவும் இல்லை. அழிந்த இலக்கம் ஒன்று. எழுதாமல் இழந்தவை பல.

அன்பு மாணவச் செல்வங்களே! வரலாறு தஞ்சைக் கோயில் சுவரில் மட்டும் இல்லை. உங்கள் வீட்டுப் பித்தளைக் குடத்தில் வெட்டிய பெயரில், பள்ளிவாசலின் மீசான் கல்லில், பழைய பத்திரத்தின் முத்திரையில் அது காத்திருக்கிறது. பளபளப்பாக்கும் முன் படித்துப் பாருங்கள். வீட்டில் முதியவர் இருப்பின், அருகில் அமர்ந்து கேட்டு, கேட்டதை அன்றே எழுதி வையுங்கள். யாம் செய்யத் தவறியதை நீங்களேனும் செய்வீர்களாக.