இடுப்பிலிருந்து அளக்கும் பட்டறை

உத்தங்குடியில் புறப்படும் மதுரைச் சுற்றுச்சாலை, கன்னியாகுமரி நோக்கிப் போகும் நெடுஞ்சாலையைத் தொடுமிடத்தில் இருக்கிறது கப்பலூர். வெளியூர்க்காரர்கள் இந்த ஊரைச் சுங்கச்சாவடியால் அறிவார்கள். மதுரையில் தொழில் செய்பவர்கள் சிட்கோ தொழிற்பேட்டையால் அறிவார்கள். பேட்டையை ஒட்டிய ஓர் ஆர்கான் வெல்டிங் பட்டறையில், மரக்கட்டைகளின் மேல் ஏற்றி வைத்த இரும்புக் குழாய்ச் சட்டம் ஒன்று நிற்கிறது. சக்கரம் இல்லை, எஞ்சின் இல்லை. பொறியியல் மாணவர்கள் போட்டிக்காகக் கட்டும் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரின் எலும்புக்கூடு அது.

அதற்குள் ஹெல்மெட்டோடு ஓர் இளைஞர் உட்கார்ந்திருக்கிறார். அணியிலேயே நன்றாக ஓட்டக்கூடியவர். உயரம் ஆறடி இரண்டு அங்குலம், எடை நூறு கிலோவை நெருங்குகிறது. அவர் தலைக்குப் பின்னால் நிற்கும் பெரிய வளையத்தின் உச்சியிலிருந்து, ஸ்டியரிங்குக்கு முன்னால் நிற்கும் சின்ன வளையத்தின் உச்சி வரை ஒரு நூல் இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. கார் கவிழ்ந்தால் தரை அந்த நூல் இருக்கும் கோட்டில்தான் வந்து நிற்கும். அதனால் ஹெல்மெட்டுக்கும் நூலுக்கும் நடுவே குறைந்தது 50 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும் என்பது போட்டி விதி. இங்கே இடைவெளியே இல்லை. நூல் ஹெல்மெட்டில் உரசிக்கொண்டு போகிறது.

“தலையைப் பாக்காதீங்க தம்பி. இடுப்பு எங்க உக்காந்திருக்குன்னு பாருங்க” என்கிறார் பட்டறைக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். கையில் டேப்பும் சாக்பீஸும் இருக்கின்றன. மாணவர்கள் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அவர் சொன்ன அந்த ஒரு வரியில்தான் இந்தத் தொழிலின் அடிப்படை இருக்கிறது. உயரமானவர் சின்னக் காரில் ஏறிச் சிரமப்படும்போது பார்ப்பவர் கண் தலைக்கும் முழங்காலுக்கும் போகும். கார் வடிவமைப்பவர்கள் கணக்கைத் தொடங்குவது இடுப்பு மூட்டிலிருந்து. எச்-பாயிண்ட் என்று அவர்கள் சொல்வது அதைத்தான். அந்தப் புள்ளி முடிவானால் தலை எவ்வளவு உயரத்தில் வரும், கால் எங்கே எட்டும், கை எந்தக் கோணத்தில் மடங்கும் என்பதெல்லாம் அதைத் தொடர்ந்து முடிவாகிவிடும்.

பட்டறைச் சுவரில் சாத்தி வைத்திருக்கும் பிளைவுட் உருவத்தை மாணவர்கள் பெர்சி என்கிறார்கள். ஃபார்முலா ஸ்டூடண்ட் என்ற இந்த மாணவர் போட்டியின் அணிகள் உலகம் முழுவதும் அதை அப்படித்தான் அழைக்கின்றன. இடுப்புக்கு 200 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு வட்டம், தோளுக்கு அதே அளவில் இன்னொன்று, ஹெல்மெட் போட்ட தலைக்கு 300 மில்லிமீட்டரில் மூன்றாவது. இடுப்பு மையத்திலிருந்து தோள் மையம் 490, தோளிலிருந்து தலை மையம் 280. இடுப்பு மையத்துக்கும் பெடலுக்கும் நடுவே குறைந்தது 915. நூறு ஆண்களை நிறுத்தினால் அவர்களில் தொண்ணூற்றைந்து பேரைவிடப் பெரிய உடம்புக்கான அளவுகள் இவை. வண்டியை ஓட்டப்போகிறவர்கள் எல்லோரும் குள்ளமானவர்களாகவே இருந்தாலும், பெர்சி உட்கார இடமில்லாத சட்டம் பரிசோதனையில் தேறாது. நல்ல விதி என்றுதான் சொல்ல வேண்டும். அது இல்லாவிட்டால் ஒவ்வோர் அணியும் காரைச் சுருக்கிச் சுருக்கிக் கடைசியில் மிகச் சிறிய உடம்புக்கு மட்டுமே இடம் வைத்திருக்கும்.

இந்தச் சட்டத்தில் பெர்சி உட்கார்ந்துவிட்டான். நிஜ ஓட்டுநருக்குத்தான் இடம் போதவில்லை. அவர் உயரத்தில் பெரும்பகுதி காலில் இல்லை, இடுப்புக்கு மேலே இருக்கிறது. ஒரே உயரமுள்ள இரண்டு பேரை நாற்காலியில் உட்கார வைத்தால் தலைகள் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. மொத்த உயரத்தை மட்டும் கேட்டு சீட் செய்பவர் இந்த இடத்தில்தான் ஏமாறுவார். இந்திய உடல்களின் அளவுகளை நின்றும் உட்கார்ந்தும் தனித்தனியாகத் தொகுத்து, தேபகுமார் சக்ரவர்த்தி எழுதிய நூலை அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997-ல் வெளியிட்டது. கப்பலூர்ப் பட்டறையில் அந்த நூல் இல்லை. ஆனால் பட்டறைக்காரர் முதலில் கேட்டது ஸ்டூலைத்தான். ஓட்டுநரைச் சுவரில் முதுகு ஒட்ட அதில் உட்கார வைத்து, ஸ்டூல் பலகையிலிருந்து உச்சந்தலை வரை சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டார்.

தலையை இறக்க இரண்டு வழி உண்டு. இடுப்பை இறக்கலாம், அல்லது முதுகைச் சாய்க்கலாம். இடுப்பை ஓரளவுக்கு மேல் இறக்க முடியாது. இருக்கையின் அடி, சட்டத்தின் கீழ்க்குழாய்களைவிடத் தாழ்ந்தால் அதைக் காக்கத் தனியாகக் குழாய் ஓட்ட வேண்டும். அது எடையைக் கூட்டும், தரையோடு உரசும் ஆபத்தும் உண்டு. ஆகவே சாய்வு. பெர்சியின் அளவை வைத்தே கணக்குப் போடலாம். இடுப்பு மையத்திலிருந்து தலை மையம் 770 மில்லிமீட்டர். முதுகு செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்திருந்தால் தலை மையம் இடுப்புக்கு மேலே சுமார் 667-ல் நிற்கும். 40 டிகிரி என்றால் 590-க்கு இறங்கிவிடும். பத்து டிகிரிக்கு மூன்று அங்குலம் லாபம்.

அந்த லாபத்துக்கு ஈடாகத் தலை 110 மில்லிமீட்டர் பின்னால் போகிறது. பின்னால் எஞ்சினுக்கான தடுப்புத் தகடு நிற்கிறது. அதனால் இடுப்பை முன்னால் தள்ள வேண்டும். தள்ளினால் முழங்கால் மடங்கி எழும்பி ஸ்டியரிங்கில் இடிக்கும். ஸ்டியரிங்கை ஏற்றிவிடலாமே என்றால், அது எந்தப் பக்கம் திரும்பினாலும் முன்வளையத்தின் உச்சியைத் தாண்டக் கூடாது என்று இன்னொரு விதி குறுக்கே நிற்கிறது. ஒவ்வொரு அங்குலத்தையும் வேறொரு இடத்திலிருந்துதான் எடுத்துத் தர முடியும்.

உயரமாவது கோணக் கணக்கில் ஓரளவுக்கு மசியும். பருமன் மசியாது. தொடை இரண்டும் ஸ்டியரிங்குக்குக் கீழே போக வேண்டும். இடுப்பெலும்பின் இரு பக்கமும் பெல்ட் நேராக இறங்க வேண்டும். வயிற்றுக்கு மேலே ஏறிய பெல்ட் மோதலின்போது எலும்பைப் பிடிக்காமல் உள்ளுறுப்புகளை அழுத்தும். பருமனான ஓட்டுநருக்கு சீட் செய்யும்போது பெல்ட் வழிக்கு இரு பக்கமும் தாராளமாகத் திறப்பு விட வேண்டும். சில பட்டறைகளில் சீட் அழகாக வர வேண்டும் என்று இதைச் சிறிதாக்கிவிடுகிறார்கள். அந்த அழகு ஓட்டுநரின் வயிற்றுக்கு ஆபத்து.

அகலத்தில் தோற்ற பெரிய நிறுவனமும் உண்டு. 1992-ல் ஃபார்முலா ஒன் உலகப் பட்டம் வென்ற நைஜல் மான்செல், 1995-ல் மெக்லாரனுக்கு வந்தபோது எம்பி4/10 காரின் காக்பிட் அவருக்குக் குறுகலாக இருந்தது. பிரேசில், அர்ஜென்டினா என்று முதல் இரண்டு பந்தயங்களில் அவருக்குப் பதில் மார்க் பிளண்டெல் ஓட்டினார். அகலப்படுத்திய சட்டம் இமோலா பந்தயத்துக்குத்தான் தயாரானது. மான்செல் அங்கும் பார்சலோனாவிலும் ஓட்டிவிட்டு அணியை விட்டே விலகினார். அதற்கு நேர்மாறான கதை டான் கர்னியுடையது. ஃபோர்டு ஜிடி40 என்ற பெயரில் உள்ள 40, காரின் உயரத்தை அங்குலத்தில் சொல்வது. ஆறடியை நன்றாகத் தாண்டிய கர்னியின் ஹெல்மெட்டுக்காக அந்த வரிசைக் கார்களின் கூரையிலேயே ஒரு புடைப்பு எழுப்பினார்கள். 1967 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை அவரும் ஏ.ஜே.ஃபாய்ட்டும் வென்ற மார்க் 4 காரிலும் அந்தப் புடைப்பு இருந்தது. உடம்புக்காக வண்டியின் உருவத்தையே மாற்றத் துணிந்தார்கள். என் மனதுக்கு இந்தத் தொழிலின் மிக மரியாதையான வேலை அதுதான்.

ஜஸ்டின் வில்சன் என்ற பிரிட்டிஷ் ஓட்டுநரை 2002-ல் மினார்டி அணி இடையில் அழைத்துப் பார்த்தது. அவர் உயரத்துக்குக் காரில் இடமில்லை, வாய்ப்பு ஆண்டனி டேவிட்சனுக்குப் போனது. அடுத்த ஆண்டு அதே மினார்டி, வில்சன் உட்காரும்படி கார் கட்டி அவரை ஓட்ட வைத்தது. எடை விஷயத்தில் ஃபார்முலா ஒன் இன்னும் தாமதம். காரும் ஓட்டுநரும் சேர்த்து எடை போட்டதால், கனமான ஓட்டுநர்கள் பட்டினி கிடந்து உடம்பைக் குறைத்தார்கள். 2019-ல்தான் ஓட்டுநரையும் சீட்டையும் தனியாகக் கணக்கிட்டு, அதற்குக் குறைந்தபட்சம் 80 கிலோ என்று நிர்ணயித்தார்கள். இலகுவான ஓட்டுநர் மிச்ச எடையைத் தன் இருக்கைப் பகுதியிலேயே சுமக்க வேண்டும். பின்னர் அது 82 ஆனது.

தமிழ்நாட்டுக்கு இந்தச் சின்னக் கார்கள் புதியவை அல்ல. மாருதி 800 எஞ்சினை வைத்து, ஏழை பணக்காரர் பார்க்காமல் ஓட்டிப் பழகும்படி ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைக் காரை உருவாக்கியவர் கோவையின் கரிவரதன். அவர் 1995-ல் விமான விபத்தில் இறந்தார். கோவை செட்டிபாளையத்தில் உள்ள 2.1 கிலோமீட்டர் பந்தயத் தளம் அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. 2005-ல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரான நரேன் கார்த்திகேயன் பந்தயம் பழகியது ஃபார்முலா மாருதியில். 2003-ல் ஃபார்முலா பிஎம்டபிள்யூ ஆசியா, 2010-ல் ஃபார்முலா டூ என்று ஓட்டிய நடிகர் அஜித் குமார், 2025-ல் சொந்த அணியோடு துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்குத் திரும்புமுன் உடல் எடையைக் கணிசமாகக் குறைத்தார். நெடுநேரப் பந்தயங்களில் ஒரே சீட்டில் மூன்று நான்கு பேர் மாறி மாறி உட்காருவார்கள். அங்கே சீட் பெரிய உடம்புக்குக் கட்டப்படும். சிறியவர்கள் அவரவருக்கான உள்சீட்டைக் கையோடு எடுத்து வந்து பொருத்திக்கொள்வார்கள்.

கப்பலூரிலும் அதுதான் வழி. உள்சீட் வார்க்கத் திருமங்கலத்திலிருந்து குஷன் வேலைக்காரர் ஒருவர் வருகிறார். பஸ் சீட்டும் ஆட்டோ சீட்டும் தைத்தே கை பழகியவர். இரண்டு திரவங்களைக் கலந்தால் நுரைத்துப் பொங்கி இறுகும் பாலியூரிதேன் ஃபோமில்தான் வேலை. கலவை பொங்கும் நேரம் வெயிலைப் பொறுத்தது. மதுரைப் பகலில் கலக்கிக்கொண்டிருக்கும்போதே பொங்கிவிடும் என்பதால் காலை ஏழு மணிக்கே ஊற்றத் தொடங்குகிறார்.

முதலில் சட்டத்துக்குள் கனமான கறுப்புப் பிளாஸ்டிக் பை விரிகிறது. ஓட்டுநர் பந்தய உடை, ஹெல்மெட், கையுறை எல்லாம் அணிந்து உள்ளே இறங்குகிறார். கால் பெடலில், கை ஸ்டியரிங்கில், பெல்ட் இறுக்கி. எந்த நிலையில் ஓட்டுவாரோ அதே நிலை. சாய்வை மாணவர் ஒருவர் கோணமானியால் சரிபார்த்த பிறகே குஷன்காரர் வாளியில் கலக்குகிறார். கலவையை ஒரேயடியாக ஊற்றுவதில்லை. இடுப்புக்கு அடியில் கொஞ்சம், இறுகியதும் முதுகின் வளைவுக்குக் கொஞ்சம், கடைசியில் தோளுக்கு. மொத்தமாக ஊற்றினால் சூடு தாங்காது, பொங்கும் ஃபோம் ஆளையே மேலே தூக்கிவிடும், பாடுபட்டு இறக்கிய அங்குலம் போய்விடும். “மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க தம்பி. சாதாரணமா விடுங்க. இழுத்துப் பிடிச்சா அந்த அளவுக்குத்தான் சீட்டு வரும், அப்புறம் வண்டியில மூச்சு விட முடியாது.”

இறுகும்வரை ஓட்டுநர் அசையக் கூடாது. பருமனானவருக்கு அது எளிதல்ல. வியர்வை கழுத்தில் இறங்கியது. துடைத்துவிட ஒரு மாணவி பக்கத்திலேயே நின்றாள். கலக்கும்போது எழும் ஆவி நுரையீரலுக்குக் கெடுதல். குஷன்காரர் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். துண்டு அந்த ஆவியைத் தடுக்காது. மாணவர்கள் வாங்கி வைத்திருந்த வடிகட்டி முகமூடியைப் போட்ட பிறகுதான் பட்டறைக்காரர் வாளியைத் தொடவிட்டார். சீட் வேலை செய்யும் எல்லாக் கடையிலும் இந்த முகமூடி ஒன்றாவது தொங்க வேண்டும்.

வெளியே எடுத்த ஃபோமில் அந்த இளைஞரின் முதுகு அப்படியே பதிந்திருந்தது. ஆக்சா பிளேடால் ஓரங்களைச் சீவி, பெல்ட் வழிகளைத் திறந்து, தொடைக்கு அடியில் அரை அங்குலம் குடைந்து எடுத்தார் குஷன்காரர். இன்னும் தீப்பற்றாத துணி போர்த்த வேண்டும். சாய்வு கூடியதால் தோள் தாழ்ந்துவிட்டது. தோள் பெல்ட் பின்னால் போகும் கோணம் கிடைமட்டத்துக்கு மேலே 10 டிகிரிக்கும் கீழே 20 டிகிரிக்கும் இடையில் நிற்க வேண்டும். அதனால் பெல்ட் கட்டும் குறுக்குக் குழாயைப் பட்டறைக்காரர் அறுத்து எடுத்து, புதுக் குழாயின் முனைகளை வளையத்தின் வளைவுக்கு ஒட்டக் குடைந்து, கீழே இறக்கிப் பற்றவைத்தார். வெல்டிங் முடிந்து ஆறியதும் நூலை மறுபடி இழுத்துக் கட்டினார்கள். இடைவெளி 58 மில்லிமீட்டர்.

சாலையில் ஓடும் சின்னக் காரோடும் ஆட்கள் இந்தப் பட்டறைக்கு வருகிறார்கள். சீட் தண்டவாளத்தைக் கழற்றித் தாழ்த்தித் தர முடியுமா, ஸ்டியரிங்கைச் சின்னதாக மாற்ற முடியுமா என்று கேட்கிறார்கள். சீட் குஷனின் ஃபோமைச் சீவி ஓர் அங்குலம் இறக்கித் தருவதோடு பட்டறைக்காரர் நிறுத்திக்கொள்கிறார். பந்தயக் காரில் செய்வதைத் தெருக் காரில் செய்யக் கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருக்கிறார், அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஓட்டுநருக்கு ஏர்பேக் 2019 ஜூலை முதல் கட்டாயம். ஸ்டியரிங்கை மாற்றினால் அது போய்விடும். சீட்டுக்குள்ளேயே பக்கவாட்டு ஏர்பேக் உள்ள கார்களில் தையலைப் பிரிப்பதே ஆபத்து. ஸ்டியரிங் மையத்துக்கும் நெஞ்செலும்புக்கும் பத்து அங்குலமாவது இடைவெளி இருந்தால்தான் ஏர்பேக் காப்பாற்றும். வயிறு ஸ்டியரிங்கைத் தொடும் ஒருவருக்கு அந்தக் காரை விற்கும் முன்பே இதைச் சொல்லியிருக்க வேண்டும். உற்பத்தியாளர் கொடுத்த வடிவத்தை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு அனுமதிப்பதில்லை என்பதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்திருக்கிறது. “கோச்சுக்காதீங்கண்ணே, வேற வண்டி பாருங்க” என்று அவர் ஒருவரைத் திருப்பி அனுப்பியதைப் பார்த்தேன். வந்தவர் முகம் வாடித்தான் போனார்.

பந்தயச் சட்டத்தில் மிச்சமிருப்பது இரண்டாவது ஓட்டுநருக்கான உள்சீட். வியர்வை துடைத்துவிட்ட அதே மாணவிதான் அந்த ஓட்டுநர், ஐந்தடி ஓர் அங்குலம். உயரமான ஓட்டுநரின் சீட்டை எடுத்துவிட்டு, அவளுக்கு முதுகுக்குப் பின்னால் இன்னும் ஆறு அங்குலம் ஃபோம் நிரப்ப வேண்டும். அப்போதுதான் கால் பெடலை முழுக்க அழுத்தும். பெல்ட் கழற்றி, ஸ்டியரிங்கைப் பிடுங்கி, ஐந்து நொடிக்குள் வெளியே நிற்க வேண்டும் என்ற விதி இருவருக்கும் ஒன்றே. உயரமானவர் பழகியபோது தோள் மாட்டிக்கொண்டு ஏழு நொடி ஆனது. இரண்டு கையையும் பக்கக் குழாயில் ஊன்றி முதலில் இடுப்பைத் தூக்கும்படி பட்டறைக்காரர் சொல்லித் தந்ததும் நாலரைக்கு வந்தது. மாணவிக்கான கலவையை மறுநாள் காலையில் ஊற்றுவதாகச் சொல்லிவிட்டுக் குஷன்காரர் திருமங்கலம் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார். அவள் போட வேண்டிய பந்தய உடை மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.