கத்தியெடுத்த கை... ராக்கி கட்டிய தங்கை!

திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயில் பக்கம், ஈ.சி.ஆர் சாலையின் நடுவிலேயே வான்மீகிக்குச் சின்னதாக ஒரு கோயில் இருக்கிறது. பஸ்ஸும் ஆட்டோவும் அதைச் சுற்றிக்கொண்டு இரண்டு பக்கமும் பறக்கும். ஊரின் பெயரே வான்மீகியால் வந்தது என்பார்கள். அவரைப் பற்றிய செவிவழிக் கதையும் பலருக்குத் தெரிந்ததுதான். வழிப்பறி செய்து குடும்பத்தைக் காப்பாற்றிய ஒருவரை நாரதர் மடக்குகிறார். யாருக்காகத் திருடுகிறாயோ, அவர்கள் உன் பாவத்தில் பங்கு வாங்கிக்கொள்வார்களா என்று கேட்கிறார். வீட்டில் போய்க் கேட்டால், மனைவி உட்பட எல்லோரும் கையை விரித்துவிடுகிறார்கள். அன்றைக்கு மாறியதுதான் அவர் வாழ்க்கை.

இந்தக் கதையைக் கேட்பவர்கள் ஒன்றை மட்டும் கேட்பதில்லை. பொருளைப் பறிகொடுத்தவர்கள் என்ன ஆனார்கள்? திருந்திய பிறகு அவர்களில் ஒருவரையாவது அவர் தேடிப் போனாரா?

கிறிஸ்தவர்கள் பாவம், மன்னிப்பு என்று பேசும்போதும் சிக்கல் இதே இடத்தில்தான் வருகிறது. தவக்காலம் வந்தால் கத்தோலிக்க ஆலயங்களில் ஒப்புரவுக்காக வரிசை நீளும். வீட்டுப் பெரியவர்கள் இன்னும் ‘பாவசங்கீர்த்தனம்’ என்றுதான் சொல்வார்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவ அறிக்கை செய்ய வேண்டும் என்பது 1215-ல் நான்காம் லாத்தரன் சங்கம் போட்ட விதி. உள்ளே சொல்வதை என்ன ஆனாலும் குருவானவர் வெளியே சொல்லக்கூடாது. சி.எஸ்.ஐ சபைகளில் ஆராதனையிலேயே எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்வார்கள். எந்தச் சபையானாலும் கடைசியில் மன்னிப்பவர் கடவுள்தான்.

அப்படியென்றால், அடிபட்ட மனிதர்? பைபிள் அவரை விட்டுவிடவில்லை. உன்மேல் மனத்தாங்கலோடு ஒருவர் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன்பே வைத்துவிட்டு, முதலில் போய் அவரோடு சமாதானம் ஆகு என்கிறது மத்தேயு நற்செய்தி. லூக்கா சொல்லும் சக்கேயு, வரி வசூலில் பணம் பார்த்த ஆள். இயேசு தன் வீட்டுக்கு வந்த அன்றே, ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்கிறான். திருடியதைத் திருப்பிக் கொடு, கெடுத்த பெயரைச் சரிசெய் என்றுதான் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் சொல்கிறது. மண்டியிட்டு ஜெபிப்பதைவிட இதுதான் கஷ்டம். அதனால்தான் பலரும் இந்தப் பாதியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

தாண்ட முடியாத ஒரு பாவத்தைச் செய்தவர் சமுந்தர் சிங்.

கேரளாவின் எர்ணாகுளம் மாவட்டம் புல்லுவழியில் 1954-ல் பிறந்தவர் சிஸ்டர் ராணி மரியா. பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபைக் கன்னியாஸ்திரி. மத்தியப்பிரதேசத்தின் உதய்நகர் பகுதியில், நிலமில்லாத பழங்குடி மக்களோடு வேலை செய்தார். வட்டிக்காரர்களிடம் போகாமல் வங்கிக் கடன் வாங்குவது எப்படி, அரசுத் திட்டங்களைக் கேட்டு வாங்குவது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார். யாருடைய வயிறு எரிந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. 1995 பிப்ரவரி 25 அன்று, இந்தூர் போகும் பஸ்ஸில், பயணிகளின் கண்ணெதிரே அவரைக் குத்திக் கொன்றார் சமுந்தர் சிங் என்ற இளைஞர். உடலில் 50-க்கும் மேற்பட்ட காயங்கள். சமுந்தர் சிங்குக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

சிறைக்குப் போனதும் அவர் மனம் திருந்திவிட்டது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கும். நடந்தது அப்படியில்லை. தன்னைத் தூண்டிவிட்டவர்கள் தன்னைக் கைவிட்டுவிட்டார்கள் என்று, வெளியே வந்ததும் அவர்களைப் பழிவாங்கத்தான் முதலில் நினைத்திருந்தார். சுவாமி சதானந்த் என்ற கத்தோலிக்கத் துறவி சிறைக்கு வந்து அவரிடம் பேசத் தொடங்கிய பிறகே அந்தக் கோபம் இறங்கியது.

2002-ல் ரக்‌ஷா பந்தன் சமயம். ராணி மரியாவின் தங்கை செல்மி பால் சிறைக்கு வந்தார். அவரும் கன்னியாஸ்திரிதான். அக்காவைக் குத்திய அதே கையில் ராக்கி கட்டி, சமுந்தர் சிங்கைத் தன் சகோதரன் என்றார். அவர் மன்னிப்புக் கேட்டார். கவனியுங்கள், தேடிப் போகவேண்டியவர் கம்பிக்குள் இருந்தார். நடந்து வந்தவர் இழந்தவர். அக்காவின் கொலைக்கும் இந்த ராக்கிக்கும் நடுவே ஏழு வருடங்கள் ஓடியிருந்தன.

இந்தக் கதையைத் தப்பாகப் பயன்படுத்துபவர்களும் இருக்கிறார்கள். ‘ரமணா’ விஜயகாந்துக்குத் தமிழில் பிடிக்காத வார்த்தை மன்னிப்பு. அடிவாங்கிய பல பெண்களுக்கும் அது பிடிக்காது. காரணம் வேறு. அடித்தவன் வாயே திறக்காதபோது, “நீ மன்னிச்சு விட்டுடும்மா, ஜெபம் பண்ணு” என்று அவர்களிடம் சொல்கிறார்கள். இதில் மனந்திரும்புதல் எங்கே இருக்கிறது? செல்மியை யாரும் வற்புறுத்தி அனுப்பவில்லை. அவர் மன்னித்ததால் வழக்கும் தள்ளுபடி ஆகவில்லை. ராக்கி கட்டிய பிறகும் சமுந்தர் சிங் சிறையில்தான் இருந்தார். அவரை விடுவிக்கச் சொல்லி ராணி மரியாவின் குடும்பமே கையெழுத்துப் போட்டது. 2006-ல் வெளியே வந்தபோது, உள்ளே போய் 11 வருடங்கள் ஆகியிருந்தன.

மன்னிப்புக் கேட்பது தனி மனிதர்களுக்கு மட்டுமான வேலையும் இல்லை. 2000 மார்ச் 12 அன்று போப் இரண்டாம் ஜான் பால், திருச்சபையின் பிள்ளைகள் வரலாற்றில் செய்த பாவங்களுக்காக ரோமில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். யூதர்களுக்கு இழைத்ததும் பெண்களின் கண்ணியத்தைக் குலைத்ததும் அந்தப் பட்டியலில் இருந்தன. போதாது என்றவர்கள் அன்றைக்கே உண்டு.

விடுதலையான சில மாதங்களில், 2007 தொடக்கத்தில், சமுந்தர் சிங் புல்லுவழிக்கே போனார். கொன்றவர், கொல்லப்பட்டவரின் வீட்டு வாசலில் நிற்கிறார். வீட்டில் வயதான அப்பாவும் அம்மாவும். அம்மா எலீஸ்வா அவருடைய கைகளைப் பிடித்து முத்தமிட்டார். தன் மகளின் ரத்தம் பட்ட கைகள் இவை என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

அதன்பிறகு உதய்நகரில் ராணி மரியாவின் கல்லறைக்குப் போய்வருவது சமுந்தர் சிங்குக்கு வழக்கமாகிவிட்டது. 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியாவுக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய நிலையான அருளாளர் பட்டம் கொடுத்தார்கள். அந்தக் கூட்டத்தில் அவரும் இருந்தார்.