வறண்ட ஏரியின் சாட்சிகள்

வெடித்த களிமண்ணைக் காட்டிய மாத்திரத்திலேயே பஞ்சத்தைக் காட்டியாயிற்று என்று கொள்ளும் வழக்கம் பத்திரிகை உலகில் வெகுவாக வேரூன்றியிருக்கிறது. ஆனால் நம் பிரதேசத்து ஏரிகளில் பெரும்பாலானவை ஆண்டுதோறும் கோடையில் ஓரளவேனும் தரை தெரிய வற்றுபவை. வற்றிய இடத்து வண்டல் தன் ஈரத்தை இழந்து சுருங்கச் சுருங்க, அந்த இழுப்பைத் தாங்க மாட்டாமல் பாளம் பாளமாகப் பிளப்பது, மழை நன்றாகப் பெய்த வருஷத்தின் வைகாசியிலும் நிகழக்கூடிய இயற்கைக் காரியம். ஆகவே வெடிப்பு ஒன்றே வறட்சிக்குப் பிரமாணமாகாது. வேறு எவை பிரமாணமாகும் என்பதை, புகைப்படத் தொழிலிலேயே வாழ்கிறவர்களிடம் கண்டறியும் பொருட்டு, 2019 ஜூன் மாதத்தில், சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் சேர்ந்து தம் மொத்தக் கொள்ளளவான 11,257 மில்லியன் கன அடியில் ஒரு சதவீதம்கூட இல்லாமல் கிடந்த நாட்களில், அனுபவம் மிகுந்த பத்திரிகைப் புகைப்படக்காரர் ஒருவருடன் செம்பரம்பாக்கத்துக்குச் சென்றேன்.

பூந்தமல்லியைக் கடந்து பெங்களூர் நெடுஞ்சாலையிலிருந்து சற்று விலகினால் எதிர்ப்படும் அந்த ஏரி, நிரம்பினால் 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடி நீரும் கொள்வது. உபரி நீர் அடையாற்றை நோக்கிச் செல்ல ஐந்து கண் மதகு என்றும் பத்தொன்பது கண் மதகு என்றும் ஜனங்கள் பெயர் சொல்லும் இரண்டு வாயில்கள் அதற்கு உண்டு. பொழுது அப்போதுதான் புலர்ந்திருந்தது. வெளிச்சம் வீணாகிவிடுமே என்று நான் பரபரத்தேனேயன்றி, புகைப்படக்காரர் பையைத் திறக்கவே இல்லை. கரையின் கற்களில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் படிந்திருந்த நீர்க்கோடுகளையும், மதகுக் கதவுகளின் அடியில் துருவேறிய இடத்தையும், தரையில் நின்று பார்த்தால் ஆள் உயரத்துக்கும் மேலே தெரிந்த அளவுக் குறிகளையும் நிதானமாகப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

“வெடிப்பு எங்க வேணும்னாலும் கெடைக்கும் சார். இந்த மதகு இங்க மட்டும்தான் இருக்கு” என்றார்.

அவருடைய வித்தையின் அஸ்திவாரம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்ததாகவே நான் கருதுகிறேன். நீர் எங்கே இருந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லும் ஒரு பொருள் சட்டகத்துக்குள் இல்லையென்றால், நீர் இல்லை என்ற செய்தியைப் படம் சொல்வதற்கு வழியில்லை. மதகும், கற்களின் கோடும், தரையில் சாய்ந்து கிடந்த படகும் அவ்விதப் பொருள்கள். படகை அவர் தொடவில்லை. அது எந்தத் திசையில் சாய்ந்திருந்ததோ அந்தத் திசைக்கேற்பத் தாம் நகர்ந்து நின்றார்.

காலைச் சூரியன் தாழ்வாக இருக்கும்போது ஒளி பக்கவாட்டில் விழுகிறது. ஒவ்வொரு பாளமும் அடுத்ததன்மேல் நிழலெறிய, விரல் நுழையும் வெடிப்புகூட அதன் உண்மையான ஆழத்தோடு தெரிகிறது. உச்சிவெயிலில் அதே நிலம் வெளுத்த தகடாகிவிடும். இது எல்லோரும் அறிந்ததுதான். நான் அறியாதிருந்தது லென்ஸின் காரியம். அகன்ற கோண லென்ஸைப் பூமியோடு பூமியாகத் தாழ்த்திப் பிடித்தால், அண்மையிலுள்ள சிறு பிளவு பெரும் பள்ளமாகவும், தொலைவிலுள்ள மதகு தீக்குச்சியாகவும் மாறிவிடுகின்றன. அதைவிட நுட்பமானது போலரைசர் எனும் வடிகட்டி. அதைச் சுழற்றி வானத்தின் பிரதிபிம்பத்தை அகற்றிவிட்டால், ஏரியின் நடுவே கணுக்கால் அளவில் எஞ்சியிருக்கும் ஜலத்தின் பளபளப்பு போய் அடிச்சேறு மட்டும் தெரியும். இருக்கிற நீரும் இல்லாததுபோல் ஆகிவிடும். அவர் அதைச் சுழற்றி எனக்குக் காட்டிவிட்டு, கழற்றிப் பையில் வைத்தார்.

எஞ்சிய குட்டையில் வலை வீசிக்கொண்டிருந்த மீனவர்களிடம் அவர் அனுமதி கேட்டுத்தான் எடுத்தார். அவர்களில் மூத்தவர், முழங்கால்வரை சேறு அப்பிய நிலையில் கரையேறி வந்து, “எடு தம்பி, வேணாங்கல. ஏரி ரொம்பினப்பவும் வந்து எடு” என்றார். வறண்டபோது மட்டும் கேமராக்கள் வருவதைப் பல கோடைகளில் பார்த்த மனிதரின் நியாயமான கோரிக்கை அது.

வறட்சிப் படங்களில் கூட்டுவதும் குறைப்பதும் எத்தகைய அனர்த்தத்தை விளைவிக்கும் என்பதற்குச் சரித்திரத்தில் திருஷ்டாந்தம் உண்டு. 1936இல் அமெரிக்காவின் தெற்கு டக்கோட்டாவில், அரசாங்கப் புகைப்படக்காரரான ஆர்தர் ராத்ஸ்டைன், வெடித்த நிலத்தில் கிடந்த ஒரு மாட்டு மண்டையோட்டைச் சில அடி தூரம் நகர்த்தி வைத்தும் படங்கள் எடுத்தார். அது தேர்தல் ஆண்டு. ரூஸ்வெல்ட் அரசாங்கத்துக்கு விரோதமான பத்திரிகைகள், பஞ்சமே ஜோடிக்கப்பட்டது என்று தூற்றுவதற்கு அந்தச் சில அடிகள் போதுமாக இருந்தன. பஞ்சமோ முற்றிலும் மெய்யானது. மெய்யான துயரத்தின்மீது சந்தேகம் விழச் செய்வதைவிட அந்தத் துயரத்துக்கு இழைக்கக்கூடிய அநீதி வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பிற்பகலில், படங்களைத் திருத்தும் அறையில், திரைக்கு முன் அமர்ந்திருந்த பெண்மணியின் வேலையைப் பார்த்தேன். சென்சாரில் ஒட்டிய தூசியால் வானத்தில் விழுந்திருந்த புள்ளிகளை முதலில் நீக்கினார். அவை கேமராவுக்குச் சொந்தமானவை, ஏரிக்கு அல்ல. வெளுத்துப்போன வானத்தைச் சற்று இறக்கி, மதகின் நிழலைச் சற்றுத் திறந்தார். அந்தக் காலத்து இருட்டறையில் கையை ஆட்டி ஒளியை மறைத்துச் செய்த காரியத்துக்கு மேற்பட்டதாக இதில் எதுவும் இல்லை. அதற்கப்பால், திரையிலிருந்த ஒரு தண்டை இழுத்து அவர் எனக்குக் காட்டியபோது, சாம்பல் நிறக் களிமண் கண்ணெதிரிலேயே பாலைவனத்து மஞ்சளாயிற்று; இன்னொன்றை இழுத்தபோது வெடிப்புகள் கன்னங்கரேலென்று ஆழ்ந்தன. இரண்டையும் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிட்டு, “கண்ணு பார்த்தது போதும்ணா, இல்லையா?” என்று புகைப்படக்காரரைப் பார்த்துக் கேட்டார். 2015இல் வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியின் இறுதிக்கு முந்திய சுற்றை எட்டிய படங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, இவ்விதமான மிகைத் திருத்தங்களுக்காகத் தள்ளப்பட்டன என்பதை நினைக்கையில், அந்தத் தண்டுகளின் வசீகரம் எவ்வளவு பெரிதென்று புரிகிறது.

என் மனத்தை வெகுவாகக் கவர்ந்தது பச்சை நிறத்தைப் பற்றி அவர்களிடையே நடந்த விவாதம். ஏரியின் தரையில் ஒருபுறம் புல் முளைத்து, மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. வறட்சிப் படத்தில் பசுமையா என்று பலர் அந்த நிறத்தை மங்க வைத்துவிடுவார்களாம். நீருக்கடியில் இருக்க வேண்டிய நிலத்தில் புல் முளைத்து, மாடு மேயும் அளவுக்கு வளர்ந்திருக்கிறதென்றால், நீர் அகன்று எத்தனை காலமாயிற்று என்பதை அந்தப் பச்சையைவிடத் தெளிவாக வேறெது சொல்லும்? அவ்வாறே தொடுவானத்தில் தெரிந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளையும் வெட்டி எறியாமல் வைத்துக்கொண்டார்கள். அவற்றை நீக்கினால் எங்கோ மனித சஞ்சாரமற்ற பொட்டல் போலத் தோன்றும். இருந்தால்தான், இந்த ஏரியை நம்பிக் குழாயைத் திறக்கிறவர்கள் இத்தனை அருகில் இருக்கிறார்கள் என்பது விளங்கும்.

பிறகு புகைப்படக்காரர் தம் பழைய சேகரத்திலிருந்து 2015 டிசம்பரில் எடுத்த ஒரு படத்தைத் தேடி எடுத்தார். நொடிக்கு 29,000 கன அடிவரை நீர் திறந்துவிடப்பட்டு அடையாற்றங்கரை மூழ்கிய அந்த நாட்களில், அதே மதகை ஏறக்குறைய அதே இடத்திலிருந்து எடுத்திருந்தார். இந்த 2019ஆம் ஆண்டு வறட்சியில் புழல் ஏரியின் செயற்கைக்கோள் படங்கள் இரண்டை, 2018 ஜூனில் நீலமாகவும் 2019 ஏப்ரலில் தரை தெரியவும் எடுத்தவற்றை, உலகமெங்கும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிரசுரித்தார்கள். ஆகாயத்திலிருந்து பார்த்த அந்த ஒப்புமையைக் கரையில் நிற்கும் மனிதனின் கண் மட்டத்துக்கு, வெள்ளத்திலும் வறட்சியிலும் எடுத்த இந்த இரண்டு மதகுப் படங்களும் கொண்டுவந்தன.

மதகுப் படங்கள் இரண்டையும் அச்சுக்குத் தேர்ந்தெடுத்து, ஊர், தேதி, எந்த மதகு, எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது என்ற விவரங்களைக் குறிப்பாக எழுதிச் சேர்த்தார்கள். வெடிப்பை மட்டும் காட்டிய அண்மைப் படம் கழிக்கப்பட்டது. மறுநாள் விடியற்காலையில் சிக்கராயபுரம் கல்குவாரிகளுக்குப் புகைப்படக்காரர் போகவேண்டியிருந்தது. அந்தப் பள்ளங்களில் தேங்கிய நீரை இறைத்துச் செம்பரம்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் குழாய் வழியே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பாறைச் சுவரில் நீர் இறங்கிய அளவு தெரிய வேண்டுமானால் எந்த விளிம்பில் நிற்பது என்று, பழைய படங்களைத் திரையில் விரித்து வைத்துக்கொண்டு, இருவரும் ஆலோசிக்கத் தொடங்கினார்கள்.