கார்த்திகையும் கட்டமும்

கார்த்திகை என்றால் ஆறு மீன் என்பர் முதியோர். கண்ணுக்குத் தெரிவது அவ்வளவே! 1610-இல் கலிலியோ தொலைநோக்கியால் 36 கண்டு வரைந்தார். ஆயிரத்துக்கும் மேல் என்கின்றனர் இன்றைய வானியலார். அவற்றின் ஒளி நம்மை அடைய ஏறத்தாழ 440 ஆண்டுகள் ஆகுமாம்.

மார்கழி இரவொன்றில், கணியம்பாடியில் எங்கள் வீட்டு மாடியிலே, முக்காலியில் காமிராவைப் பூட்டினேன். வடக்கே வேலூரின் விளக்கொளி; உச்சியிலோ இருள். புவி சுழல்வதால் நெடுநேரம் திறந்துவைத்தால் மீன்கள் கோடாக நீளும். ஆகவே, 5 நொடிப் படங்களாக 60 எடுத்துக் கணிப்பொறியிலே ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கினேன். ஆறு மீன், அறுபதுக்கும் மேலாயிற்று!

என் தமக்கையைப் பெண் பார்க்க வந்தோர், "கார்த்திகையில் பிறந்தவள், பொருத்தமில்லை" என்று திரும்பினர். அவள் படிப்பைக் கேட்டாரில்லை, பண்பைக் கேட்டாரில்லை. ஆயிரம் மீன்களில் அவளைத் தடுத்தது எந்த மீனோ? அவள் பிறக்குமுன் பல தலைமுறைக்கு முன்பே புறப்பட்ட ஒளி, அவள் வாழ்வை எங்ஙனம் அறியும்?

ஜவ்வாது மலைக் காவலூரிலே 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி விண்ணை ஆய்கிறது. அம்மலைக்கு அண்மையில் வாழும் நாமோ, கட்டம் பார்த்துக் கன்னியரைக் கண்கலங்க வைக்கிறோம்! பெற்றோரே, ஏட்டை மூடுங்கள். பிள்ளைகளோடு மாடி ஏறி வானைப் பாருங்கள்!