மூன்றாம் புள்ளி

எங்கள் ஊரில் அதை வாவி என்று யாரும் சொல்வதில்லை, ஆறுதான். காத்தான்குடியில் ஆற்றங்கரை என்றால் மட்டக்களப்பு வாவியின் கரை. 2003இல் பட்டப்படிப்பின் இறுதியாண்டு ஆய்வுக்காக நான் அந்த ஆற்றுக்கே திரும்பி வந்தேன். தலைப்பு: தாவரப் பிளாந்தன்களின் வளர்ச்சியும் நீரின் தரமும். "கண்ணுக்குத் தெரியாத புல்லு வாப்பா" என்று விளக்கினேன். "மீன் திங்கிற பாசிதானே, அதுக்கு ஏன் கம்பஸ்?" என்றுவிட்டுத் தோணியைத் தள்ளினார்.

யுத்த நிறுத்த காலம். அக்கரையில் படுவான்கரை வேறு ஆட்சியில் இருந்தது. அதனால் எனது ஐந்து மாதிரிப் புள்ளிகளும் இக்கரையோரமே அமைந்தன. (அறிக்கையில் அதற்கொரு விஞ்ஞானக் காரணம் எழுதிக்கொண்டேன்.) கறுப்பும் வெள்ளையுமான செக்கித் தட்டைக் கயிற்றில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறிப்பேன். போத்தலில் நீரெடுத்து அயடீன் கரைசல் விட்டு வைத்து, பிறகு நுணுக்குக்காட்டியின் கீழ் எண்ணுவேன்.

மூன்றாம் புள்ளியில் தட்டு இறக்கியவுடனேயே மறைந்தது. நீர் பச்சைக் கஞ்சி போலிருந்தது. நீலப்பச்சை அல்காக்கள் சங்கிலி சங்கிலியாக நிறைந்திருந்தன. ஆனால் ஒட்சிசன் மற்றெல்லா இடங்களையும் விட அங்கேதான் கூடுதல். குழம்பிப்போனேன்.

"நீ வெயில் ஏறினாப் பிறகு வந்து அளக்கிறாய். அந்த நேரம் ஆறு சுகமாத்தான் இருக்கும். சுபஹுக்கு முந்தி வா" என்றார் வாப்பா.

போனோம். விங்க்ளர் முறையில் போத்தலுக்குள் மங்கனீசு சல்பேற்றும் கார அயடைட்டும் விட்டால், ஒட்சிசன் உள்ள நீரில் பழுப்பு வீழ்படிவு வரும். மற்றப் புள்ளிகளில் பழுப்பாக வந்தது. மூன்றாம் புள்ளியில் போத்தல் வெள்ளையாகவே நின்றது. டோர்ச் வெளிச்சத்தில் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பகலில் ஒட்சிசனை வெளிவிடும் அதே அல்காக்கள் இரவு முழுக்க அதைச் சுவாசித்துத் தீர்த்திருந்தன. தோணியைச் சுற்றிச் சின்னமீன்கள் மேலே வந்து வாய் பிளந்துகொண்டிருந்தன. முகத்துவாரத்தில் மணல்திட்டு அடைத்துக் கிடந்த மாதங்கள் அவை. கடல்நீர் உள்ளே வரவில்லை, ஆற்றுநீர் வெளியே போகவுமில்லை.

அல்காவுக்கு அவ்வளவு உணவு எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியிருக்கவில்லை. கரையில் நின்றது மாமாவின் நெல் ஆலை. நெல் ஊறவைத்த தண்ணீர், அவித்த தண்ணீர் எல்லாம் ஒரு கானால் அந்த இடத்தில்தான் இறங்கியது. பொசுபேற்று நிறைந்த தண்ணீர். உம்மாவின் மூத்த காக்கா அவர். நான்கு வருடமும் என் போடிங் காசை மாதா மாதம் அனுப்பியவர்.

கானின் நீரைத் தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். நான் செய்யவில்லை. அறிக்கையில் 'நகர்ப்புற வடிகால்' என்று எழுதினேன். பொய்யென்று யாரும் சொல்ல முடியாது. நல்ல புள்ளி கிடைத்தது. ஒரு பிரதி மாமாவின் மேசையில் இருந்தது, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். மாமா மௌத்தாகி, ஆலையும் பூட்டுப்பட்ட பிறகுதான் இதை எழுதுகிறேன்.

வாப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. வீட்டுப் பிரதியைப் புரட்டி, வரைபடத்தில் மூன்றாம் புள்ளிமேல் சரியாக விரலை வைத்தார்.

"இதில மாமாட ஆலை எங்க மகன்?"

"போடல்ல வாப்பா."

அறிக்கையை மூடினார். சாரத்தில் கையைத் துடைத்துவிட்டு, அதை அலுமாரியின் மேற்தட்டில் உம்மாவின் ஓலைப்பெட்டிக்குப் பின்னால் வைத்தார்.