பெரியத்தாவும் ஈஸ்ட்டும்

திருத்தணியில் நம் பெரியத்தா நாற்பது ஆண்டுக் காலம் ரொட்டிக்கடை நடத்தியவர். மலைக்கோயிலின் 365 படிகளையும் ஏறி இறங்கிக் களைத்து வருவோரில் பலர் அவர் கடை வாசலில் நின்று பன்னும் தேநீரும் அருந்திவிட்டுத்தான் போவார்கள். ஆடிக் கிருத்திகை வந்துவிட்டால் இரவெல்லாம் அடுப்பு அணையாது. 1960இல் ஆந்திரத்திலிருந்து தமிழகத்தோடு சேர்ந்த ஊர் அது. தமிழில் கடன் கேட்பவருக்கும் தெலுங்கில் கடன் கேட்பவருக்கும் அவர் கொடுத்தார். வசூலிக்கத்தான் எந்த மொழியும் அவருக்கு வரவில்லை என்று வீட்டில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

மூன்று ஆண்டுகளுக்கு முன் குடலில் அடைப்பு ஏற்பட்டு, வெளியூர் மருத்துவமனை ஒன்றில் அவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. முதல் வாரம் நல்லபடியாகவே கழிந்தது. பத்தாம் நாள் காய்ச்சல் கண்டது. மருந்தை இருமுறை மாற்றியும் தணியவில்லை. இரத்தத்தை எடுத்து வளர்ப்புச் சோதனைக்கு வைத்தார்கள். இரண்டு நாள் கழித்து டாக்டர் வந்து, “இரத்தத்தில் ஈஸ்ட் வளர்ந்திருக்கிறது” என்றார். அரை மயக்கத்தில் கிடந்த பெரியத்தா கண் திறந்து, “நம்ம மாவுல போடுறதா?” என்று கேட்டார்.

அதுவன்று, அதற்குத் தூரத்து உறவு. காண்டிடா என்பது அதன் பெயர். குழந்தைகளின் வாயில் வெள்ளையாகப் படிகிறதே, அந்த இனம். நம்மில் பலருடைய வாயிலும் குடலிலும் தோலிலும் அது வாடகையின்றிக் குடியிருக்கிறது. உடல் வலுவாக உள்ளவரை ஒதுங்கிக் கிடக்கும். கடுமையான ஆன்டிபயாடிக் மருந்துகள் குடலிலுள்ள பாக்டீரியாக்களை அழித்துவிட்டால் அதற்கு இடம் விரிகிறது. குடலை அறுத்த காயம் ஒரு வாசல். மருந்து ஏற்றுவதற்காகக் கழுத்து நரம்பில் செருகிய குழாய் இன்னொரு வாசல். அந்தக் குழாயின் உட்சுவரில் பாசிபோல் ஒட்டிக்கொண்டால் எந்த மருந்துக்கும் எளிதில் அசையாது. நாள் நிறையாமல் பிறந்த சிசுக்களையும் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்வோரையும் அது தேடிப் பிடிக்கிறது.

2011, 2012 ஆண்டுகளில் இந்தியாவின் 27 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஓர் ஆய்வு நடந்தது. இத்தகைய நோயாளிகள் 1,400 பேரை அதில் கணக்கெடுத்தார்கள். முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பேர். இந்தக் கணக்கை அன்றே அறிந்திருந்தால் நாம் அந்த வராந்தாவில் உட்கார்ந்திருக்கவே முடியாது.

முதல் வேலையாகக் கழுத்துக் குழாயைப் பிடுங்கினார்கள். காஸ்போஃபஞ்சின் என்ற மருந்தைத் தினமும் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். மனித உயிரணுவுக்கு இல்லாத வெளிச்சுவர் ஒன்று ஈஸ்ட்டுக்கு உண்டு. மருந்து அச்சுவரைக் கட்டவிடாமல் தடுக்கிறது. முன்னெல்லாம் ஆம்ஃபோடெரிசின் ஒன்றையே நம்பியிருந்தார்களாம். வெனிசுவேலாவின் ஒரினோகோ நதிக்கரை மண்ணிலிருந்து கிடைத்த மருந்து அது. ஈஸ்ட்டைக் கொல்லும்போதே சிறுநீரகத்தையும் பதம் பார்த்துவிடும். கிருமி கண்ணுக்குள்ளும் போய்த் தங்கக்கூடும் என்று கண் டாக்டரும் வந்து பார்த்தார். காய்ச்சல் நின்ற நாளிலிருந்து அல்ல, இரத்தம் சுத்தமென்று சோதனை சொன்ன நாளிலிருந்து 14 நாள் மருந்து. செலவைப் பற்றி இங்கே எழுத வேண்டாம். கடைக்குப் பின்னாலிருந்த மனை இப்போது வேறொருவருடையது.

இதற்கிடையில் ஒரு நாள் இளம் டாக்டர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்து, “கை கழுவாமல் யாராவது அவரைத் தொட்டீர்களா?” என்று கேட்டார்.

நாம் பதில் சொல்லவில்லை. நோயாளியை நலம் விசாரிப்பது நமக்கு வெறும் மரியாதையன்று, கடமை. திருத்தணியிலிருந்தும் அரக்கோணத்திலிருந்தும் நகரியிலிருந்தும் உறவினர் வந்தவண்ணம் இருந்தார்கள். வந்தவர் ஒவ்வொருவரும் கையைப் பற்றினார். நெற்றியைத் தடவி துஆச் செய்தார். ஐந்து வேளையும் ஒளூச் செய்கிற கைகள்தாம். ஆனால் அக்கைகள் பேருந்துக் கம்பியையும் லிஃப்ட் பொத்தானையும் தொட்டுவிட்டு நேரே கட்டிலுக்கு வந்தன. மற்றவர்களைச் சொல்வானேன்? கழுத்துக் குழாயின் மேலிருந்த பிளாஸ்டர் ஒரு மாலை நழுவியபோது, நர்ஸைக் கூப்பிடத் தயங்கி, கட்டை விரலால் அதை அழுத்தி ஒட்டியவர்கள் நாமேதாம்.

பிறகு ஒரு செய்தியைப் படித்தோம். சண்டிகரிலுள்ள பெரிய மருத்துவமனை ஒன்றின் குழந்தைகள் பிரிவில் 1996 ஏப்ரல் முதல் 1998 பிப்ரவரி வரை பிச்சியா என்னும் இன்னொரு ஈஸ்ட் 379 சிசுக்களையும் குழந்தைகளையும் பற்றியது. பணியாளர்களின் கைகளே அதைக் கட்டிலுக்குக் கட்டில் சுமந்திருக்க வேண்டும் என்று அங்குள்ள மருத்துவர்களே ஒளிக்காமல் எழுதினார்கள். கை கழுவும் பழக்கத்தைத் திருத்தி, ஆபத்து மிகுந்த சிசுக்களுக்கு முன்கூட்டியே மருந்தும் கொடுத்த பிறகுதான் அது அடங்கியது. தம் கையைத் தாமே குற்றம் சாட்டி எழுதிய அந்த நேர்மை நம்மிடம் அன்று இல்லை.

பெரியத்தாவின் கிருமி அவருடைய குடலிலிருந்தே வந்திருக்கலாம், யார் கையென்று சொல்ல இயலாது என்றார் டாக்டர். ஆறுதலுக்காகச் சொன்னாரோ, உண்மையாகவே சொன்னாரோ! அடுத்த கட்டிலில் அதே காய்ச்சலோடு கிடந்த அம்மையாரின் படுக்கை ஒரு விடியலில் காலியாக இருந்தது. அவருடைய மகன் தலையணையடியிலிருந்த கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்தோம்.

அல்லாஹ்வின் கிருபையால் பெரியத்தா ஊர் திரும்பினார். பாதி எடைதான். கடையை மகன் பார்த்துக்கொள்கிறார். பார்க்க வருவோர் முதலில் பின்கட்டுக் குழாயடிக்குப் போக வேண்டுமென்பது இப்போது அவ்வீட்டுச் சட்டம். சென்ற மாதம் நாம் போனபோதும் நாற்காலியில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கட்டை விரலை விட்டுட்டே தம்பி” என்றார். “மாவு பிசையுறவனுக்குத் தெரியும், அங்கேதான் ஒட்டியிருக்கும்.”

மீண்டும் சோப்பை எடுத்தோம்.