லேஸ் கட்டிய ஷூ

போன மாதம் திண்டுக்கல்லில் ஒரு வாசிப்பு வட்டத்தில் பேசிவிட்டு உட்கார்ந்தேன். முதலாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சைப் பற்றி ஏதோ கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். "அக்கா, இந்த ஷூ எவ்வளவு? ஒரிஜினலா?" என்றார். பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் இடித்தார். "அக்காகிட்ட கேட்கிற கேள்வியாடா இது?"

கேட்க வேண்டிய கேள்விதான் தோழர்களே. அன்றைக்கு அவசரத்தில் "ஒரிஜினல்தான், தள்ளுபடியில் வாங்கினேன்" என்று மட்டும் சொன்னேன். மீதியை இங்கே சொல்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். ஒரு வருடம் போட்டு நடந்ததில் தெரிந்தது மட்டும்.

இந்த வகைக்கு ரெட்ரோ ரன்னிங் என்று பெயர். 1970, 80களில் ஓட்டக்காரர்களுக்காகச் செய்த ஷூக்களின் வடிவத்தை எடுத்து, இன்று தெருவில் போட்டு நடக்க விற்கிறார்கள். நைக்கி கார்டெஸ் 1972இல் வந்தது. அடிடாஸ் எஸ்.எல். 72 அதே ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கை ஒட்டி வந்தது. நியூ பேலன்ஸ் 574 வந்தது 1988இல். எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே உடம்புதான்: மேலே நைலான், அதன்மேல் ஸ்வேடு தோல் துண்டுகள், நடுவில் நுரை, அடியில் ரப்பர். ஓட்டத்துக்கென்று பிறந்தாலும் இன்றைக்கு ஓட இது உதவாது. காவலர் தேர்வுக்கு 1500 மீட்டர் ஓடிப் பழகுகிறவர்கள் இதில் காசைப் போடாதீர்கள். நுரை மெலிது, குதிகால் அடி வாங்கும். இது நடக்கிறவர்களுக்கான ஷூ.

அழகு என்று கேட்டால், அழகுதான். சாம்பல் நிற ஸ்வேடு, கருநீல நைலான், தேன் நிற அடிப்பாகம். கடையில் பெண்கள் பகுதியில் ரோஸும் ஊதாவும் மட்டும் இருந்ததால் ஆண்கள் பகுதிக்குப் போய் ஆறாம் நம்பர் எடுத்தேன். இரண்டே மாதத்தில் நம்ம ஊர்ச் செம்மண் அந்தச் சாம்பலைத் தின்றுவிட்டது. ஸ்வேடு என்பது தோலின் உள்பக்கத்தைச் சுரண்டி எடுத்த மென்மை. பூனை மயிர் மாதிரி புழுதியைப் பிடித்துக்கொள்ளும். நனைத்துக் கழுவினால் விறைத்துப்போகும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடலாம், அவ்வளவுதான்.

தோலைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. திண்டுக்கல் என்றால் எல்லோரும் பூட்டு, பிரியாணி என்பார்கள். எங்கள் வீட்டில் திண்டுக்கல் என்றால் தோல் ஷாப்புதான். தாத்தா சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை பார்த்தவர். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலைத் தொட்டுப் பார்த்தே நல்லதா இல்லையா என்று சொல்லிவிடுவார். அவர் விரல் இடுக்குகள் கடைசிவரை வெந்தே கிடந்தன. (அந்த உலகத்தைத் தெரிந்துகொள்ள டி. செல்வராஜின் 'தோல்' நாவலைப் படியுங்கள். 2012இல் சாகித்ய அகாதமி விருது பெற்றது.) ஊரே போட்டு நடந்த செருப்புக்குத் தோல் கொடுத்த மனிதர், தன் ஊருக்குள் செருப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நடந்தார்.

இது அவர் ஒருவருடைய கதை இல்லை. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் சீமையில் ஆதிக்க சாதியினர் நம் மக்கள்மீது விதித்த எட்டுத் தடைகளை ஜே.எச். ஹட்டன் எழுதி வைத்திருக்கிறார். பொன், வெள்ளி நகை கூடாது, சட்டை கூடாது, குடை கூடாது என்று போகிற அந்தப் பட்டியலில் செருப்பும் உண்டு. எம்.ஏ. படிக்கும்போது சமூகவியல் வகுப்பில் இதை ஒரு தேர்வுக் கேள்வியாகத்தான் படித்தேன். அது பழைய கதை என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். 2023 டிசம்பரில் நம் பழனிக்குப் பக்கத்திலேயே, மடத்துக்குளம் வட்டம் ராஜாவூரில், தீண்டாமை ஒழிப்பு முன்னணித் தோழர்களோடு சுமார் 60 பேர் முதல்முறையாகச் செருப்புக் காலோடு கம்பள நாயக்கன் தெருவில் நடந்தார்கள். முதல்முறையாக.

வசதிக்கு வருகிறேன். பள்ளிக்கூடம் முடியும்வரை பாதி நாள் வெறுங்கால், மீதி நாள் ரப்பர் செருப்பு. அப்படி வளர்ந்த கால் முன்பக்கம் விசிறி மாதிரி விரிந்திருக்கும். இந்த ஷூவின் முன்பக்கமோ ஒடுக்கம். முதல் பத்து நாள் சுண்டுவிரல் கொப்பளித்தது. அரை நம்பர் பெரிதாக எடுங்கள். பழகியபின் வேடசந்தூர்ப் பக்கம் பஸ் நிறுத்தத்திலிருந்து காலனிக்கு மூன்று கிலோமீட்டர் நடந்தாலும் வலி இல்லை. சித்திரை வெயிலில் தார் ரோட்டுச் சூடு உள்ளே வரவில்லை. சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பை ஊடுருவிக் காலில் ஏறும் என்பது உங்களுக்கே தெரியும். இதில் ஏறிய முள் நுரையோடு நின்றுவிட்டது.

ஆனால் நான் லேஸ் கட்டிய ஷூ வாங்கியதற்குக் காரணம் முள் இல்லை. வேலையில் சேர்ந்த முதல் வருடம், ஒரு கிராமத்தில் முதியோர் உதவித்தொகை மனுவோடு ஊர்த்தெரு வழியாகப் போக வேண்டியிருந்தது. கூட வந்த பாட்டி தெரு முனையில் செருப்பைக் கழற்றினார். அடுத்த நொடி நானும் கழற்றினேன். யாரும் சொல்லவில்லை, யாரும் பார்க்கக்கூட இல்லை. எம்.ஏ. பட்டம் வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. குனியாமலே, ஒரு உதறலில் கழன்றுவிட்டது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பா எப்போதும் ஒரு நம்பர் பெரிதாகவே செருப்பு வாங்குவார், சீக்கிரம் தேயாது என்பார். ஏன் வாங்கினார் என்று அன்றுதான் புரிந்தது.

லேஸ் கட்டிய ஷூவைக் கழற்ற உட்கார வேண்டும், முடிச்சு அவிழ்க்க வேண்டும். அதற்குள் புத்தி வந்துவிடும். நான் சோதித்துப் பார்த்த சிறப்பம்சம் அதுதான்.

போன ஆடியில் அதே ஊருக்கு, அதே பாட்டியோடு போனேன். அவர் எப்போது கழற்றினார் என்றே தெரியவில்லை. திரும்பினால் செருப்பு கையில் இருந்தது. "போட்டுக்கங்க பாட்டி" என்றேன். "உனக்கென்ன தாயி, நீ ஆபீசரு மாதிரி இருக்க. நான் நாளைக்கும் இங்கதான இருக்கணும்" என்றார். திண்ணையில் இருந்த ஒருவர் என் ஷூவைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், "எந்த ஊரும்மா, யார் வீடு?" என்றார். சொன்னேன். அதற்குப்பிறகு அவர் ஷூவை மட்டும்தான் பார்த்தார். பாட்டி செருப்பைப் போட்டுக்கொள்ளவில்லை. என் நாலாயிரம் ரூபாய் அவருக்கு ஒன்றும் செய்யவில்லை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தத்தைப் படித்திருக்கிறீர்களா? பொது இடத்தில் காலணியோ புத்தாடையோ அணிவதைத் தடுப்பதும், சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பதும் குற்றம் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. புகார் எழுதும்போது அந்தப் பிரிவைக் கேட்டுப் போடச் சொல்லுங்கள். பாட்டியிடமும் சொன்னேன். "யாரும் தடுக்கலையே தாயி" என்கிறார். அதுவும் உண்மைதான். இதற்கு எந்தப் பிரிவு என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

தரம்? சுமார். ஒன்பதாம் மாதம் இடது குதிகாலில் அடிப்பாகம் வாயைத் திறந்துவிட்டது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். புரட்டிப் பார்த்து, "இது தச்சது இல்லம்மா, சொல்யூஷன் போட்டு ஒட்டுனது. வெயில்ல விடத்தான் செய்யும்" என்றார். விலையைக் கேட்டார், சொன்னேன், சிரித்தார். குத்தூசியும் மெழுகு நூலும் எடுத்துச் சுற்றிலும் தையல் போட்டார். 80 ரூபாய். இன்னொன்றும் சொன்னார்: நல்ல நாளுக்கு என்று பெட்டியிலேயே வைக்காதீர்கள், போடாமல் வைத்தால் சில ஷூக்களின் அடி தூளாய்ப் போகும். சரிதான். பாலியூரிதேன் நுரை காற்றின் ஈரத்திலேயே நொறுங்கும்.

இடது கால் இப்போது நன்றாக இருக்கிறது. வலது குதிகால் பிரியப் பார்க்கிறது. அடுத்த வாரம் அந்த அண்ணனிடம் போக வேண்டும்.